பைக்குள் நாலு பொடியன்மார்

பொருட்களுக்குச் செல்லப்பெயர் வைக்கிறவர்கள் யுத்த காலத்தில் தொலைபேசியைத் தொடக்கூடாது. இதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை.

ஏறாவூரில் ஓர் ஐஸ் ஆலையில் மின் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஆலையை இயக்கும் பி.எல்.சி. பெட்டிக்கு அங்கே 'மூளை' என்று பெயர். அது சொன்னதும் மோட்டார்களை முடுக்கிவிடும் தீப்பெட்டி அளவு ரிலேக்கள் 'பொடியன்மார்'. (ஆலைக்கு வெளியே அந்த நாட்களில் பொடியன்மார் என்றால் துவக்கோடு காட்டில் இருக்கும் இயக்கப் போராளிகள்.)

அன்று குளிரூட்டும் மோட்டாரின் ரிலே எரிந்துபோனது. ஒரு லொறி இறால் ஐஸுக்குக் காத்து நின்றது.

"றால் நாறினா நீங்க வீட்டுக்குப் போகலாம் தம்பி," என்றார் முதலாளி ஹாஜியார், மிக மரியாதையாக.

மட்டக்களப்பு டவுனுக்கு ஓடினேன். தேவை ஒன்று, நான் முன்யோசனைக்காரன், நாலு வாங்கினேன். ஒழுங்கும் முக்கியமல்லவா? கடை வாசலிலேயே ஒவ்வொன்றிலும் 'பொடியன் 1', 'பொடியன் 2' என்று எழுதி ஒட்டினேன். பிறகு தொலைபேசிக் கடைக்குள் புகுந்து, இரைகிற லைனில் கத்தினேன்.

"ஹாஜியார், மூளைக்கு ஒண்டும் இல்ல! பழைய பொடியன்தான் எரிஞ்சு செத்திட்டான். நாலு புதுப் பொடியன்மாரோட வாறன். ஒருத்தன உடனே உள்ளுக்கு விடுவம், மத்த மூணு பேரையும் அலுமாரிக்குள்ள மறைச்சு வைங்க!"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் போன் பேசாமலே போய்விட்டார். (ஏதோ அவசரமாக்கும் என்று பரிதாபப்பட்டேன்.)

தன்னாமுனைக்கு அருகே சோதனைச்சாவடியில் பஸ்ஸை மறித்து, என்னை மட்டும் இறக்கினார்கள்.

"பொடியன்மார் எங்க?" அதிகாரியின் தமிழ் அரைகுறை. (என் சிங்களத்துக்கு அந்த அரையும் கிடையாது.)

"இந்தப் பைக்குள்ள சேர்."

"நாலு பேரும்?"

"ஓம் சேர். நம்பர் போட்டிருக்கன்."

சிப்பாய்கள் பின்வாங்கினார்கள். பையை நானே கொட்டிக் காட்டவேண்டியிருந்தது.

"மூளை யாரு?"

"அது ஆலையில சேர். சுவரில பூட்டியிருக்கு."

இவை ரிலேக்கள், மின்சாரம் கொடுத்தால் 'டக்' என்று இழுக்கும், அவ்வளவுதான் என்று கெஞ்சினேன். இழுத்துக் காட்டச் சொல்லி டோர்ச் பற்றரிகளைத் தந்தார்கள். வைத்தேன். டக் இல்லை. மாற்றி வைத்தேன். நாலு பொடியன்மாரும் ஊமையாகக் கிடந்தார்கள்.

"இருபத்துநாலு வோல்ட் வேணும் சேர்," என்றேன். அதை நம்புகிற முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.

கடைசியில் ஹாஜியாருக்கு ஆள் போனது. மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியவர், ரிலேக்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கீழ கிடக்கிறதும் என்ட ஆலைச் சாமான்தான் சேர், இந்தா நிக்கிறதும் என்ட ஆலைச் சாமான்தான். ரெண்டுக்கும் மூளை இல்ல."

அதிகாரி சிரித்துவிட்டார். இறால்தான் பொறுக்கவில்லை, ஆலை கண்ணில் படுமுன்பே அது மூக்கில் பட்டது. மூட்டையைக் கட்டலாம் என்று நினைத்தேன்.

"உங்கள வெளியில விட்டா எங்க போய் என்ன கதைப்பீங்களோ," என்று ஹாஜியார் என் வேலையை நிரந்தரமாக்கினார்.

பல வருடம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். அவருக்குப் போன் எடுத்து, "ஹாஜியார், பொடியன் பிறந்திருக்கான்!" என்றேன். மறுமுனையிலிருந்து உடனே கேள்வி வந்தது.

"எத்தன வோல்ட்?"

அந்தப் பொடியன் இப்போது என்னைவிட உயரம். காலையில் நான் எத்தனை தடவை தட்டியும் அவன் எழும்பாவிட்டால், குசினியில் சமைத்தபடியே மனைவி குரல் கொடுப்பாள்: "டோர்ச் பற்றரிக்கு அவன் இழுக்கமாட்டானப்பா!"