பித்தளை முதுகு ரம்பம் பிறந்த படலம்

வாழி, வாழி! அலுவலகக் கோப்புகள் இருக்கும் இடத்தை விட்டு அசையாமல் காத்த அருந்தோளன் வாழி! ஒழுகும் குழாயையும் ஓடாத மின்விசிறியையும் "பாத்துக்கலாம்" என்னும் ஒற்றைச் சொல்லால் ஆண்டுக்கணக்கில் அடக்கி ஆண்டு, அச்சொல்லையே உற்றாரும் உறவினரும் பட்டப்பெயராய்ச் சூட்ட, அதையும் வெற்றிமாலையென ஏற்ற எங்கள் பாத்துக்கலாம் வாழி! மூக்குக்கண்ணாடி அணிந்த அம்மாவீரன் தொடங்கிய வேலையொன்றை வாழ்நாளில் முதன்முறையாக முடித்த வரலாற்றைச் சொல்லப் புகுகிறோம். கேட்பவர்கள் சற்றுத் தள்ளி உட்காருங்கள், அரப்பொடி பறக்கும்.

பகைவன் யாரெனில், குளியலறைக் கதவு. அடைமழை ஈரத்தை ஆசைதீரக் குடித்து, உப்பிப் பருத்து, கீழ்மூலை தரையில் முட்ட, ஒரு சாண் இடைவெளி விடாமல் சாத்திக்கொள்ளமாட்டேன் என்று அடம்பிடித்து நின்ற கொடுங்கதவு. அதன் ஆட்சியில் அந்தச் சிறு குடும்பம் பட்ட பாடு சொல்லி மாளாது. உள்ளே ஆள் இருப்பதை அறிவிக்க, உள்ளே இருப்பவர் ஓயாமல் குரல் கொடுத்தாக வேண்டும். கல்லூரிக்குப் போகும் மகள் பாடினாள். பாட்டு வராத மனைவி இருமினாள். பொய்யாக இருமி இருமி மெய்யாகவே தொண்டை கட்டிக்கொண்ட ஒரு காலையில், ஈரத்தலையோடு வெளியே வந்து அவள் முழங்கினாள்:

"கீழ் வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டா கால் மணி நேர வேலை. நீங்க கூப்பிடுறீங்களா, நான் கூப்பிடட்டுமா?"

சிங்கம் சிலிர்த்தெழுந்தது. "தச்சரா? என் வீட்டுக் கதவை இன்னொருத்தர் அறுக்கிறதா? நானே அறுப்பேன்! அதுவும் கடையில வாங்கின ரம்பத்தால இல்ல, என் கையால செஞ்ச ரம்பத்தால!" என்று, கையிலிருந்த காப்பிக் குவளை சாட்சியாகச் சூளுரைத்தான் வீரன்.

"இதையாவது முடிப்பீங்களா?"

அவள் சத்தம்கூடப் போடவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. பாதித் தட்டோடு நிற்கும் புத்தக அலமாரியும், மிதக்கப் பழகியதோடு நின்றுபோன நீச்சலும், தொட்டி மட்டும் மிஞ்சிய மாடித் தோட்டமும் அவன் கண்முன் அணிவகுத்தன. இதையும் கோட்டைவிட்டால் இனி இந்த வீட்டில் தன் பேச்சு எடுபடாது என்பது அவனுக்கே தெரிந்துபோயிற்று.

எனவே பால்கனி படைக்கொட்டில் ஆனது. மெல்லிய எஃகுத் தகட்டை இடுக்கியில் இறுக்கி, முக்கோண அரம் ஏந்தி, பல் பல்லாக அராவத் தொடங்கினான் காண்! அவ்வோசை கேட்டுப் புறாக்கள் கூட்டோடு இடம்பெயர்ந்தன. எதிர்வீட்டார் சன்னலைச் சாத்தினர். பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போல ஒரு பல் இடப்புறமும் அடுத்த பல் வலப்புறமும் முகம் திருப்பிக்கொள்ளுமாறு வளைத்து வைத்தான். தகடு நெளியாதிருக்க அதன் முதுகின்மேல் பித்தளைப் பட்டையை மடித்து அறைந்து பூட்டினான். பட்டையில் விழுந்த அடியில் பாதி அவன் கட்டைவிரலிலும் விழுந்தது.

பிறகு கைப்பிடி. பரணில் கிடந்த மேசைக்கால் ஒன்று, வைரம் பாய்ந்து, ஆணி இறங்காத அழுத்தத்தோடு அவனுக்காகவே காத்திருந்தது. தன் பிடியின் அளவு துல்லியமாக வேண்டுமென்று, மனைவி பிசைந்து வைத்திருந்த மாவை எடுத்து வீரன் பிடிபிடியாகப் பிடித்து அளவெடுத்தான். அன்று இரவு எல்லார் தட்டிலும் அவன் ஐவிரல் தடம் இருந்தது. அந்தத் தடத்துக்கு ஏற்பக் குடைந்து, வளைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, எண்ணெய் பூசி, மறுபடியும் தேய்த்தான்.

ஒரேயோர் இடர். தகட்டைச் சொருகக் கைப்பிடியில் மெல்லிய பிளவு அறுக்க வேண்டும். அதற்கு வேண்டியது இதேபோல் ஒரு ரம்பம். மானத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கீழ் வீட்டுப் படியிறங்கினான் வீரன்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க சார்," என்றார் தச்சர். "ஆனா ஒண்ணு, இதாலேயே கதவையும் அறுத்துடலாமே?"

"அது வேற, இது வேற," என்று அறம் உரைத்துவிட்டு வீரன் படியேறினான்.

இதற்கிடையே மழை ஓய்ந்தது. வானம் வெளுத்தது. வெயில் சுள்ளென்று ஏறியது. வீரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டானே தவிர, நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டில் பாட்டும் இருமலும் நின்றுபோனதையும் கவனிக்கவில்லை.

வந்தது அந்நாள்! பித்தளை மின்ன, மரத்தின் வரிகள் தேன்போல் ஓட, ரம்பம் பிறந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அது அழகாகவே இருந்தது. மனைவியையும் மகளையும் கூடத்தில் நிறுத்தி, "வந்தேன் பகையே! உன் ஆணவமும் உன் கீழ்மூலையும் இன்றோடு ஒழிந்தன!" என்று அறைகூவி, பகைவனின் வலிமையை எடைபோடக் கதவை ஒற்றை விரலால் தள்ளினான்.

டக்.

கதவு சாத்திக்கொண்டது. திறந்து மறுபடி தள்ளினான். டக்.

"வெயில் வந்ததிலேர்ந்து நல்லாத்தான் சாத்துதுப்பா," என்றாள் மகள். "நீங்க மும்முரமா இருந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு..."

"ரம்பம் ரொம்ப நல்லா வந்திருக்குங்க," என்றாள் மனைவி, மெல்ல. அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். முடித்தே காட்டிவிட்டான், காட்டிய நேரத்தில் பகைவன் சரணடைந்துவிட்டான். தோற்றவனுக்காவது அழ ஒரு காரணம் இருக்கும், இவனுக்கு அதுவும் இல்லை.

ஆயினும் துவண்டானா எங்கள் பாத்துக்கலாம்? அன்று நண்பகல், சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு ஆளைக் காணாமல் தேடிவந்த மனைவி கண்ட காட்சியை என்னென்பது! இடக்கையில் ரம்பம் இலங்க, வலக்கையில் பிளாஸ்டிக் மக்கு ஓங்க, கதவின் கீழ்மூலையில் நீரை மொண்டு மொண்டு ஊற்றியபடி, "குடி, பகையே, குடி! மீண்டும் பருத்து எழு! நேருக்கு நேர் நின்று போரிடு!" என்று குளியலறை அதிர அறைகூவிக்கொண்டிருந்தான் மாவீரன்.

"மக்கைக் கீழ வச்சிட்டுச் சாப்பிட வாங்க," என்றாள் மனைவி.