இருபது நிமிஷம் அண்ணாச்சி

அந்தமான் தீவுகளில் கடிகாரத்தை நம்பி வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் 'இருபது நிமிஷம்' அண்ணாச்சிதான். மற்ற எல்லோருக்கும் அங்கே நேரம் என்றால் கப்பல். கப்பல் வந்தால் காய்கறி உண்டு, வராவிட்டால் பருப்புத்தான். நாளை புறப்படும் என்று சொன்ன கப்பல் நாலு நாள் கழித்துப் புறப்பட்டாலும் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் கையில் ஸ்டாப்வாட்சோடு சமையலறையில் நின்ற ஒரு மனிதரை எனக்குத் தெரியும்.

போர்ட் பிளேரில், டாலிகஞ்ச் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நான் குடியிருந்த காலம். என் மனைவி மதுரையில் வேலை பார்த்தாள், நான் இங்கே தனிக்கட்டை. அடுத்த வீட்டில் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், ஒரு சர்க்கார் ஸ்டோரில் கீப்பர். அவரும் தனிக்கட்டைதான், ஆனால் அவருடைய தனிமை வேறு ரகம். அவர் மனைவி டீச்சர், கார் நிக்கோபாரில். இவரை அங்கே மாற்றச் சொல்லியும் அவரை இங்கே மாற்றச் சொல்லியும் கொடுத்த மனுக்கள் எந்த மேசையில் தூங்கினவோ, கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக ஒரே யூனியன் பிரதேசத்தில் இருந்துகொண்டே இருவரும் தனித்தனியாக இருந்தார்கள். போனில் பேசலாம் என்பீர்கள். பாதிப் பேச்சு 'கேக்குதா, கேக்குதா'விலேயே போய்விடும். வீடியோவில் டீச்சர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். அண்ணாச்சி அந்த உறைந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை வைப்பார்.

வருஷா வருஷம் கோடை விடுமுறையில் டீச்சர் ஊருக்கு, அம்மாவைப் பார்க்கப் போவார். சாயங்காலம் கப்பல் இறங்கி, மறுநாள் காலை ஃப்ளைட். நடுவில் கிடைப்பது ஒரு சாயங்காலம். அண்ணாச்சிக்கு அந்த மாதத்தில் லீவு கிடைக்காது. ஆக, வருஷத்துக்கு அவர்களுக்கு உறுதியாகக் கிடைத்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

அதில் ஒன்றை அண்ணாச்சி தம் கையாலேயே பாழாக்கினார். மனைவி வருகிறாள் என்று மட்டன் பிரியாணிக்கு இறங்கிவிட்டார். மூன்று மணி நேரம் அடுப்படியை விட்டு நகரவில்லை. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், பிஸ்கட் தின்றார், கப்பல் அலுப்பில் அப்படியே தூங்கிப்போனார். விடிந்ததும் ஏர்போர்ட்.

"வந்தவகூட நான் பேசலவே. அடுப்புகூடத்தான் பேசுனேன்" என்றார் என்னிடம். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் பிரியாணியை வெறுத்திருப்பீர்கள்.

அடுத்த முறை இருபது நிமிஷத்தில் சமையல் முடிய வேண்டும், அந்த இருபது நிமிஷமும் அடுப்பு தன் வேலையைத் தானே பார்க்க வேண்டும், அவர் டீச்சர் எதிரில் உட்கார வேண்டும். இதுதான் சபதம். அதற்கு ஏர் ஃப்ரையர் ஒன்றுதான் வழி என்று கண்டுபிடித்தார். ஆனால் வாங்கப் போனால் எங்கும் 'தீவுகளுக்கு டெலிவரி இல்லை' என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: மெயின்லேண்டிலிருந்து யார் திரும்பினாலும் அடுத்த வீட்டுச் சாமானையும் சுமந்து வரவேண்டும். லீவு முடிந்து திரும்பிய நான், சென்னையிலிருந்து அந்தக் கறுப்பு யந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பறந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் அஸ்திக் கலசத்தைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் சுவிட்சைப் போட்டார். எங்கள் லைனில் வரிசை வீடுகள் முழுக்க இருண்டன. அந்தப் பழைய வயரிங் இவ்வளவு பெரிய விருந்தாளியைத் தாங்கவில்லை. எதிர்வீட்டு மண்டல் பாபு, மீனில்லாமல் சோறு இறங்காத வங்காளி, டார்ச்சோடு ஓடி வந்தார்.

"அரே பாய், க்யா கியா? மேரா ஃப்ரிட்ஜ் மே மச்லி ஹை!" என்ன செய்தாய், என் ஃப்ரிட்ஜில் மீன் இருக்கிறதே என்று அலறினார்.

"மச்லிய விடும் பாபு. மேரா பீவி ஆனேவாலி ஹை" என்றார் அண்ணாச்சி.

மனைவி வரப்போகிறாள் என்ற ஒரு வார்த்தைதான். மண்டல் பாபு அடங்கிவிட்டார். தீவில் பிரிந்து வாழாத குடும்பம் குறைவு, யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அன்றே ஒப்பந்தம் ஆயிற்று: ஞாயிறு சாயங்காலம் அண்ணாச்சி ஒத்திகை பார்க்கும்போது லைனில் ஒருவரும் ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, மோட்டார் போடக்கூடாது.

ஆமாம், ஒத்திகை. சமையலுக்கு மட்டுமல்ல, பேச்சுக்கும்.

"நீரு இந்தச் சேர்ல இரும்வே. நீருதான் டீச்சர்."

"அண்ணாச்சி, எனக்கு மீசை இருக்கு."

"இருக்கட்டும். இருபது நிமிஷம்தான்."

எலும்பில்லாத கோழித் துண்டு, கேரட், பீன்ஸ், குடமிளகாய், எல்லாவற்றையும் உப்பு மிளகுத்தூள் பிரட்டி உள்ளே தள்ளுவார். கப்பல் வராத வாரம் கேரட்டுக்குப் பதில் பூசணி. ஒருமுறை பாகற்காய், அதைப் பற்றி இன்றும் நான் பேச விரும்பவில்லை. தேன், சோயா சாஸ், பூண்டு, எலுமிச்சை கலந்த பூச்சு தனியாக ஒரு கிண்ணத்தில். ஆரம்பத்திலேயே தேனைப் பூசி இரண்டு கோழிகளைக் கரியாக்கிய பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. பதினைந்தாவது நிமிஷம் மணி அடிக்கும். எழுந்து பூச வேண்டும். இன்னும் ஐந்து நிமிஷம் வைத்தால் கோழி மினுமினுவென்று வரும்.

சிக்கல் கோழியில் இல்லை. யந்திரத்தை முடுக்கிவிட்டு என் எதிரில் உட்காருவார். தொண்டையைக் கனைப்பார்.

"கப்பல்ல கூட்டமா?"

"கூட்டம்தான்" என்பேன், டீச்சராக.

"வாந்தி எடுத்தியா?"

"எடுத்தேன்."

முடிந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. மிச்ச நேரமெல்லாம் இருவரும் யந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

"நீரா ஏதாச்சும் பேசும்வே."

"டீச்சர் என்ன பேசுவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"எனக்கும் தெரியலயே" என்றார். சிரிப்பேன் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மதுரைக்குப் போன் போட்டு, மனைவியிடம் காரணமில்லாமல் வெகு நேரம் பேசினேன்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டு வந்தார். 'மழை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிப்பு. முட்டிவலி.' நான் முட்டிவலி இல்லை என்று சொன்னால் கோபம் வந்துவிடும். எத்தனை ஞாயிறு! தேன் பூசிய கோழியைக் கண்டாலே மண்டல் பாபு "ஃபிர் ஸே?", மறுபடியுமா என்று கும்பிடு போடும் நிலைமைக்கு வந்துவிட்டார். அதற்குள் அண்ணாச்சிக்கு இருபது நிமிஷம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆபீசில் ஃபைல் கேட்டால் இருபது நிமிஷம், கடையில் கடன் சொன்னால்கூட இருபது நிமிஷம். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கோ காணாமல் போயிற்று.

மே மாதம் வந்தது. டீச்சர் வரவேண்டிய நாளில் கடல் கொந்தளித்துக் கப்பல் ரத்து. கோழி வெட்டி வைத்தாகிவிட்டது. அண்ணாச்சி எங்களைக் கூப்பிட்டு, கணக்காக இருபது நிமிஷத்தில் சமைத்துப் போட்டார். அதைப்போல ருசியாக அவர் சமைத்ததே இல்லை, ஆனால் எங்களில் ஒருவரும் இரண்டாவது துண்டு கேட்கவில்லை.

ஆறு நாள் கழித்துக் கப்பல் வந்தது, ஃப்ளைட் டிக்கெட்டும் அதற்கேற்ப மாறியது. ஐந்தரைக்கே இருட்டிவிடும் ஊர் அது. டீச்சரை ஆட்டோவில் அழைத்து வந்து இறக்கினார் அண்ணாச்சி. ஒல்லியான உருவம், களைத்த முகம். நாங்கள் யாரும் பக்கத்தில் போகவில்லை. அவர் வீட்டுச் சன்னலில் வெளிச்சம் வந்ததும் ஒருவரும் சொல்லாமலே லைனில் ஒவ்வொரு வீடாக அணைந்தது. அன்று ஃபேன், லைட்டுகூட இல்லை. கொசுக்கடியில் வாசற்படியில் நானும் மண்டல் பாபுவும் உட்கார்ந்தோம்.

பதினைந்தாவது நிமிஷம் மணி அடித்தது. "அப் ஷஹத்" என்று மண்டல் பாபு கிசுகிசுத்தார். இப்போது தேன் என்று அர்த்தம். ஒத்திகை அவருக்கும் மனப்பாடம். ஆனால் உள்ளே யாரும் எழுந்த சத்தமில்லை. அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று.

"மச்லி கராப் ஹோ ஜாயேகா", மீன் கெட்டுப்போகும் என்றார் மண்டல் பாபு பரிதாபமாக.

நான் மெல்ல எழுந்து போய்ப் பார்த்தேன். திறந்திருந்த கதவு வழியே தெரிந்தது. யந்திரம் தானே அணைந்து கிடக்கிறது. கிண்ணத்தில் தேன் அப்படியே இருக்கிறது. டீச்சர் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறார். அண்ணாச்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த முகம் இப்போது உறையவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. துண்டுச் சீட்டு தரையில் கிடந்தது.

திரும்பி வந்து மண்டல் பாபுவிடம் சொன்னேன்: "பீஸ் மினிட் அவுர்." இன்னும் இருபது நிமிஷம்.

"டீக் ஹை", சரி என்று அவர் காலை நீட்டி உட்கார்ந்தார். அந்த மீனை மறுநாள் பூனைக்குப் போட்டோம்.

காலையில் ஏர்போர்ட் போய்த் திரும்பிய அண்ணாச்சி கிண்ணத்தோடு வந்து நின்றார்.

"இதப் பூசவே இல்லவே."

"கோழி?"

"ஆறிப்போன பொறவு தின்னோம். நல்லாருக்குன்னா. அவளுக்கு இனிப்புப் போட்ட கறியே ஆகாதாம். நேத்துதான் எனக்கே தெரியும்."

"அப்படி என்னதான் பேசினீங்க?"

"அதெல்லாம் எங்கவே ஞாபகம் இருக்கு" என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது. கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்.

மறு வருஷம் எந்தச் சாமி கண் திறந்ததோ, அவருக்குக் கார் நிக்கோபாருக்கே மாற்றல் வந்தது. புறப்படும் நாளில் அந்த யந்திரத்தை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"எனக்கு இனி எதுக்குவே? மூணு மணி நேரம் பிரியாணி போடுவேன். அவ அடுப்படியிலேயே ஸ்டூலப் போட்டு உக்காந்திருப்பா. உமக்குத்தான் தேவைப்படும்."

நானும் மதுரைக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். யந்திரத்தை மறுபடி மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டால் இப்போதும் 'கேக்குதா, கேக்குதா'தான். அந்தக் குரலுக்காகவே போடுகிறேன். இன்னும் இருபது நிமிஷம் அவரோடு அந்தச் சேரில் உட்கார முடிந்தால் பாகற்காயைக்கூடத் தின்பேன்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே வந்து களைத்து உட்காருவாள் என் மனைவி. நான் கோழியை உள்ளே தள்ளிவிட்டு எதிரில் உட்காருவேன். "கப்பல்ல கூட்டமா?" என்று கேட்பேன். கதை அவளுக்குத் தெரியும். "கூட்டம்தான்" என்று ஆரம்பிப்பாள்.

இங்கேயும் மணி அடித்தால் யாரும் எழுந்திருப்பதில்லை, அண்ணாச்சி.