ஆறு வோல்ட் அலுங்கும் ஏழு வோல்ட் நரியும்

ஒரு காட்டில் ஒரு குகை காலியாச்சு. சிங்கம் இருந்துச்சா, புலி இருந்துச்சான்னு குறுக்கே கேக்காதீங்க. இருந்தது ஒரு கிழட்டுச் சிறுத்தை, அது செத்துப்போச்சு. நல்ல குகை. மேட்டுல இருக்கு, மழைத்தண்ணி ஏறாது, வாசல் கிழக்கு பார்த்தது. கேக்கணுமா? காடு மொத்தமும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நின்னுச்சு.

முன்னெல்லாம் இப்படி வந்தா கடிச்சுத் தீர்த்துக்குவாங்க. இப்ப காடு நாகரிகமாயிடுச்சு. மலைமேல கூடாரம் போட்டு விளையாட வந்த மனுஷங்க, ரிமோட்டுல ஓட்டுற கிளைடர்னு பொம்மை விமானம் கொஞ்சத்தை விட்டுட்டுப் போயிருந்தாங்க. அதை வச்சே போட்டின்னு முடிவாச்சு. யாரோட கிளைடர் ரொம்ப நேரம் வானத்துல நிக்குதோ அவங்களுக்குக் குகை. கிளைடர் தரையில இறங்கினதும் யானை கணக்கை முடிச்சுத் தீர்ப்பு சொல்லும். யானைகிட்ட கடிகாரம் கிடையாது. மூங்கில் தின்னுதான் நேரத்தை அளக்கும். பறக்கவிடுறவங்கதான் மூங்கில் கொண்டாந்து போடணும். இதுல ஒரு வில்லங்கம் இருக்குன்னு அப்ப எவனுக்கும் தோணல.

கடைசியில போட்டிக்கு நின்னது ரெண்டே பேர். மத்ததுங்க கிளைடரைக் கடிச்சுப் பார்த்து, ருசி இல்லேன்னு போயிடுச்சுங்க.

ஒருத்தி, செதிலின்னு ஒரு அலுங்கு, அதான் எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் ஓடு, வாயில ஒரு பல்லு கிடையாது, கரையான் நக்கிப் பொழைக்கிறவ. போன மழையில அவ வளைக்குள்ள தண்ணி புகுந்து, வால்ல தொத்திக்கிட்டிருந்த குட்டி பொழைச்சதே பெரும்பாடு. இந்த மழைக்கு மேட்டுல இடம் கிடைக்கலேன்னா குட்டி தங்காது. அது அவளுக்கு நல்லாத் தெரியும்.

இன்னொருத்தன் வாலப்பன், நரி. அவனுக்கு ஏற்கெனவே ரெண்டு குகை இருக்கு. மூணாவது எதுக்குடான்னு கேட்டா, "சும்மா கிடக்கட்டுமே, சோறா கேக்குது?"ன்னான்.

பேட்டரிக் கடை வச்சிருந்தது கரடி. செதிலி அங்க போனா.

"கிளைடருக்கு எஞ்சின் கிடையாது தாயி," ன்னு கரடி ஆரம்பிச்சுது. "காத்துதான் தூக்கும். பேட்டரி எதுக்குன்னா, வாலைத் திருப்புற குட்டி மோட்டாருக்கு. சர்வோன்னு பேரு. நாலு செல் பேக் போட்டா நாலு புள்ளி எட்டு வோல்ட். அஞ்சு செல் போட்டா ஆறு. உனக்கு எத்தனை செல் வேணும்?"

செல்லுன்னா கரையானும்தானே. செல்லரிச்ச கதவுங்கிறோமே, அந்தச் செல்லு. செதிலிக்குத் தெரிஞ்ச செல்லும் அது ஒண்ணுதான்.

"நாலா? என்ன கரடியண்ணே, கிண்டலா? எனக்கு ஒரு வாய்க்கே நானூறு வேணும்," ன்னு சொல்லிக்கிட்டே அரைமுழ நாக்கை நீட்டி பேக்கை ஒரு நக்கு நக்கினா. சுர்ருன்னு இழுத்துச்சு. ரெண்டடி பின்னால போய் உக்காந்துட்டா.

ஆனா நாக்கே பொழைப்பா இருக்கிறவளுக்கு ஒரு நக்கு போதும். அப்புறம் பேக் பேக்கா நக்கிப் பார்த்து, "இது தெம்பா இருக்கு, இது பழசு, இதுல ஒரு செல்லு செத்தே போச்சு"ன்னு பிரிச்சு வச்சா. கரடி அந்தச் செத்த பேக்கை நைசா காலுக்கடியில தள்ளிடுச்சு.

"இந்த அஞ்சு செல் கனமா இருக்கே அண்ணே, பறக்குமா?"

"கனம் நல்லதுதான். மூக்குல பாரம் இல்லேன்னா கிளைடர் வாலை ஊணிக்கிட்டு விழும். லேசான பேட்டரி வாங்கிட்டு அப்புறம் மூக்குல ஈயக்கட்டி சொருகுவாங்க, அறிவுகெட்டவங்க. அதுக்கு இதையே வை. சர்வோ ஆறு வோல்ட் வரைக்கும் தாங்கும்."

செதிலி அதை எடுத்துக்கிட்டா. அடுத்து வாலப்பன் வந்தான்.

"இருக்கிறதுலயே பெரிசு எது?"

"லிப்போன்னு ஒரு பேட்டரி. ஏழு புள்ளி நாலு வோல்ட். ஆனா சர்வோ கருகிடும்பா."

"ஆறு பெரிசா, ஏழு பெரிசா?"

"ஏழுதான்."

"அப்ப பொத்திக்கிட்டுக் குடு."

போட்டியன்னிக்கு மலை விளிம்புல ரெண்டு பேரும் கிளைடரை வீசினாங்க. செதிலியோடது சொன்ன பேச்சு கேட்டுச்சு. இடப்பக்கம்னா இடப்பக்கம், வலப்பக்கம்னா வலப்பக்கம். பள்ளத்துலேர்ந்து எழும்புற காத்தைத் தேடித் தேடிப் பிடிச்சா. யானை ஒரு மூங்கில் புதரையே காலி பண்ணுற வரைக்கும் மேலேயே வச்சிருந்துட்டு, காத்து தளர்ந்ததும் பூ மாதிரி யானை காலடியில கொண்டாந்து இறக்கினா. கை இருந்த குரங்குங்க எல்லாம் தட்டிச்சுங்க.

வாலப்பன் கிளைடர் முதல் திருப்பத்துலயே கருகின வாடை விட்டுச்சு. சர்வோ போச்சு. வால் பாதித் திருப்பத்துல அப்படியே இறுகிக்கிச்சு. இவன் ரிமோட்டை அமுக்குறான், உலுக்குறான், கடிக்கிறான், அது மதிக்கவே இல்லை. வட்டம் போட ஆரம்பிச்சுது. வட்டம் போட்ட இடம் பார்த்து மேல எழும்புற காத்து வேற வந்து சேர்ந்துச்சு. கழுகு மாதிரி சுத்திச் சுத்தி ஏறி, மேகத்துக்குள்ள போய் மறைஞ்சே போச்சு.

"பார்த்தீங்களா, ஏழு வோல்ட்டு," ன்னு வாலப்பன் குதிச்சான்.

செதிலிக்கு வயிறு எரிஞ்சுது. "எல்லாம் சரியாப் பார்த்து வாங்கினேன், சரியா ஓட்டினேன், சரியா இறக்கினேன். கருக்கினவனுக்குக் குகையா?"ன்னு குட்டியைக் கட்டிக்கிட்டு அழுதா. நியாயமான அழுகைதான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கல, எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

"ஐயா, குகையைக் குடுங்க," ன்னான் வாலப்பன்.

யானை மென்னுக்கிட்டே சொல்லுச்சு. "குடுக்கலாம் தம்பி. இறங்கட்டும். இறங்காம எப்படிக் கணக்கை முடிக்கிறது? மூங்கில் தீர்ந்துபோச்சு பாரு."

வாலப்பன் ஓடிப்போய் ஒரு கட்டு இழுத்துட்டு வந்தான். அதுவும் தீர்ந்துச்சு. இன்னொரு கட்டு.

"ஐயா, அது எங்கேயாவது விழுந்திருக்கும்யா."

"விழுந்ததைப் பார்த்தவனைக் கூட்டிட்டு வா."

அந்த நேரம் பார்த்து மழை பிடிச்சுது. சாரல் இல்லை, கொட்டு மழை. செதிலி யாரையும் கேக்கல. குட்டியை வால்ல ஏத்திக்கிட்டு விறுவிறுன்னு குகைக்குள்ள போய் சுருண்டு படுத்துட்டா.

"ஐயா, அவ உள்ள போயிட்டாய்யா."

"தீர்ப்பு வர்ற வரைக்கும் அவங்கவங்க இருக்கிற இடத்துல இருக்கட்டும்," ன்னுது யானை. "அதுதான் முறை."

"நான் மழையில இருக்கேன்யா."

"அப்ப மழையிலயே இரு. அப்படியே ரெண்டு கட்டு மூங்கில் போடு, நேரம் ஓடிக்கிட்டிருக்கு பாரு."

மழைக்காலம் முழுக்க நேரம் ஓடுச்சு. குட்டி குகைக்குள்ள கொழுகொழுன்னு வளர்ந்துச்சு. யானையும்தான். மூங்கில் சுமந்து சுமந்து வாலப்பனுக்கு முதுகுத்தோல் உரிஞ்சு, பழைய ரெண்டு குகையிலயும் முள்ளம்பன்றிங்க குடியேறி, அவன் எலும்பும் தோலுமா யானை கால்ல வந்து விழுந்தான்.

"நான் தோத்துட்டேன்னு சொல்லிடுங்க சாமி. குகை வேணாம், ஒண்ணும் வேணாம், என்னை விட்ருங்க."

யானை அவனைப் பாசமாப் பார்த்துச்சு. "அது எப்படிப்பா? நீ ஜெயிச்சுக்கிட்டில்ல இருக்கே."

நீதி: சரியான வோல்ட் போட்டால் விமானம் திரும்பி வரும், அவ்வளவுதான். வீடு வேண்டுமென்றால், தீர்ப்பு வருவதற்குள் உள்ளே போய்ப் படுத்துவிட வேண்டும்.