எடைக்கல் பேசக் கூடாது

திரையில் அண்ணன் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஒரு கை பாதியில் உயர்ந்திருந்தது. கொரகொரவென்று ஏதோ சத்தம் வந்தது, அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது.

வெளியூரில் இருக்கும் அண்ணனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்த ஆய்வாளர், கணினியின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். அண்ணன் அசையவில்லை.

ஆய்வாளர் என்றதும் போலீஸ் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் லிப்ட் ஆய்வாளர். லிப்டுகள் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது இவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் இவர் கையெழுத்துப் போட்ட எந்த லிப்டும் நடுவழியில் நின்றதில்லை. அந்தக் கர்வத்தில், வீட்டில் எது கெட்டாலும் வெளி ஆளைக் கூப்பிட இவர் விட்டதில்லை. அதனால்தான் அந்த வீட்டு வாஷிங் மெஷின், சுவிட்சைப் போட்டதும் துணியோடு கூடம் வரை நடந்து வந்துவிட்டுப் போகிறது.

பின்னால் நின்றிருந்த மனைவி மெதுவாகக் கேட்டாள். "வியாழக்கிழமை நானும் அவங்களுக்கு இப்படித்தான் தெரிவேனா?"

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளுக்கு நேர்காணல். கட்டட வரைபடம் போடும் ஒரு நிறுவனம். இதே பின்னறையில், இதே கணினியில் உட்கார்ந்து, தான் வரைந்த படங்களைக் காட்டிப் பேச வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு மாற்றல் வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டு அவரோடு வந்தவள் அவள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. சொல்லிக் காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"தெரிய மாட்டே," என்று ஆய்வாளர் எழுந்து சட்டைக் கையை மடித்தார். "வியாழக்கிழமைக்குள்ள இந்த ரூம்ல சிக்னல் பொங்கி வழியும். என் பொறுப்பு."

"நாலு கோட்டுல மூணு கோடு காட்டுதேங்க?"

"லிப்டுல பட்டனை அமுக்கினா விளக்கு எரியும். அதுக்காக ஆள் மேல போயிட்டான்னு அர்த்தமா? கோட்டைப் பார்க்காதே, அண்ணனைப் பாரு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் இன்னும் வாயை மூடவில்லை.

கூடத்து சோபாவில் மாமனார் மடியில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு செஸ் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நல்லாத்தான் ஓடுது மாப்ளே. நேரடி ஒளிபரப்பு," என்றார்.

"மாமா, அது செஸ். அதுல யாரு அசையறா? நின்னு போனாலும் உங்களுக்குத் தெரியாது."

மாமனாருக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. அன்றிலிருந்து அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஆட்டக்காரர்கள் கண் சிமிட்டுகிறார்களா என்று பார்க்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை வேலையிலிருந்து வந்ததும் ஆய்வாளர் ஏணியை எடுத்தார். "எதையும் முறையோட செய்யணும்," என்று மனைவிக்கு விளக்கினார். "லிப்டைச் சோதிக்கிறப்ப ஒவ்வொரு தடவையும் அதே எடைக்கல்லைத்தான் ஏத்துவோம். கல்லை மாத்தினா, கோளாறு லிப்டுலயா கல்லுலயான்னு குழம்பிடும்."

"இங்க எது எடைக்கல்?"

"அண்ணன்."

கூடத்தில் இருந்த ரவுட்டர், பின்னறைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று குளியலறைப் பரணுக்கு ஏறியது. பரணுக்கும் பின்னறைக்கும் நடுவில் வெந்நீர் ஹீட்டர் மலைபோல் உட்கார்ந்திருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. மூன்று கோடு இரண்டானது.

அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் பாதிக் கண்ணை மூடியபடி வந்து நின்றார்.

எந்த லிப்டைச் சோதித்தாலும் செய்ததையெல்லாம் வரிசையாக ஒப்பித்துவிட்டுக் கிளம்புவது ஆய்வாளருக்குப் பழக்கம். நின்றுபோன அண்ணனிடமும் ஒப்பித்தார். "அண்ணே, ரவுட்டரை எடுத்துப் பரண்ல, இடது மூலையில வெச்சேன். ஆண்டெனா ரெண்டையும் மேல பார்க்க விட்டிருக்கேன். பிரயோஜனமில்ல. நாளைக்குப் பார்ப்போம்." அண்ணனின் வாய் லேசாகத் திறந்தது. அதற்குள் இவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஒரு புதுப் பெட்டி வந்தது. சிக்னலை வாங்கி இன்னும் தூரத்துக்குத் தள்ளிவிடும் பெட்டி. குடும்பத்தில் பேதம் வேண்டாமென்று பழைய ரவுட்டரின் பெயரையே புதுப் பெட்டிக்கும் வைத்தார். கடவுச்சொல்லை மட்டும் வேறாக வைத்தார். கணினி யாரோடு சேருவது என்று புரியாமல் இரண்டுக்கும் நடுவில் அலைந்து, கடைசியில் யாரோடும் சேராமல் உட்கார்ந்துகொண்டது. அதைத் தாஜா பண்ணி வழிக்குக் கொண்டுவருவதற்குள் கோடு ஒன்றாகிவிட்டது.

"மாப்ளே," கூடத்திலிருந்து குரல் வந்தது. "இப்ப நிஜமாவே நின்னுடுச்சு."

"செஸ் அப்படித்தான் மாமா."

"கடிகாரமும் நின்னுடுச்சே!"

அன்றைய சோதனையில் அண்ணனின் நெற்றி மட்டும் வந்தது. நெற்றியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு ஆய்வாளர் மறுபடி ஏணியில் ஏறினார். கீழே மேஜை மேல் அவர் போன் அடித்தது.

"உங்க அண்ணன்தாங்க. இன்னைக்கு இது நாலாவது தடவை. எடுக்கட்டுமா?"

"எடுக்காதே! சோதனை முடியற வரைக்கும் எடைக்கல் பேசக் கூடாது."

அவளுக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் மறுநாளைக்கு மறுநாள் நேர்காணல், காட்டவேண்டிய படங்கள் இன்னும் இரண்டு பாக்கி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வரையப் போய்விட்டாள்.

புதன்கிழமை ஆய்வாளர் விடுப்பு எடுத்தார். "காத்துல வர்றதை நம்பிப் பயனில்ல. கேபிள்தான் வழி. லிப்டே கேபிள்லதான் தொங்குது," என்று அறிவித்து, டிரில்லோடு பின்னறைச் சுவரை நெருங்கினார்.

"என்னங்க, அந்தச் சுவத்துல தண்ணிக் குழாய் போகுது. எங்க போகுதுன்னு ரெண்டே நிமிஷத்துல படம் போட்டுத் தர்றேன்."

"நீ நேர்காணலுக்குத் தயாராகு. சுவத்தை நான் பார்த்துக்கிறேன்."

சுவர் அவரைப் பார்த்துக்கொண்டது. டிரில்லை வெளியே இழுத்ததும் ஓட்டையிலிருந்து தண்ணீர் பீச்சியடித்து அவர் முகத்தைக் கழுவியது. கட்டைவிரலை வைத்து அடைத்தார். மாமனார் மெயின் வால்வைத் தேடிக் கட்டடம் பூராவும் சுற்றி, கடைசியில் கார் நிறுத்தும் இடத்தில் கண்டுபிடித்து மூட முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அதற்கு நடுவில் ஆறு மணி அடித்தது. ஆறு மணி சோதனை நேரம்.

"அண்ணனைக் கூப்பிடு," என்றார் ஆய்வாளர், விரலை எடுக்காமல்.

"இப்பவா?"

"முறைன்னா முறை."

அவள் கூப்பிட்டாள். அண்ணன் கையில் பேனாவோடு வந்து உறைந்து போனார். ஆய்வாளர் சொட்டச் சொட்ட நனைந்தபடி, சுவரோடு ஒட்டி நின்று, டிரில்லின் அளவு முதற்கொண்டு ஒன்று விடாமல் ஒப்பித்தார்.

வியாழக்கிழமை காலை கேபிளை மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "எல்லாத்தையும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சிடுவோம்," என்று ரவுட்டரின் பின்பக்கத்து ஓட்டையில் குண்டூசியை விட்டுப் பத்து வரை எண்ணினார். ரவுட்டர் சொன்ன பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் மறந்தது. இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் பெயரைக்கூட மறந்துவிட்டது. கோடு ஒன்றுகூட இல்லை.

இணைப்பு நிறுவனத்துக்குப் போன் போட்டார். "சாயந்தரத்துக்குள்ள ஆள் வருவாங்க சார்," என்றது ஒரு கனிவான குரல். அப்போது மணி பத்து இருபது.

ஆய்வாளர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவி இஸ்திரி போட்ட உடையில் தயாராக வந்து வாசற்படியில் நின்றாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னாலதான் ஒரு தடவை வேலையை விட்டே. இப்ப மறுபடியும் என்னாலதான்..." கையிலிருந்த குண்டூசியைத் தரையில் வைத்தார். "வெளி ஆளைக் கூப்பிட்டிருக்கணும். என் வீம்பு."

"அழ நேரமில்ல, எழுந்திரிங்க," என்றாள் அவள். "என் போன்ல நெட் இருக்கு. வீட்டுக்குள்ள எடுக்காது, லிப்ட் வாசல் ஜன்னல்கிட்ட நல்லா எடுக்கும். நீங்க கணினியைத் தூக்குங்க. அப்பா, அந்த மடக்கு மேஜை."

இருபது நிமிடத்தில் மூன்றாம் மாடி லிப்ட் வாசல் அலுவலகமாகிவிட்டது. மேஜை, கணினி, வீட்டுக்குள்ளிருந்து இழுத்த மின் வயர், பின்னால் வெள்ளைச் சுவர். ஒரே ஒரு சிக்கல். எந்த நேரமும் லிப்ட் திறந்து யாராவது படத்துக்குள் நடந்து வரலாம்.

ஆய்வாளர் ஒரு கணம் நின்றார். பிறகு தன் தோல்பையைத் திறந்து ஒரு பலகையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லிப்டை நிறுத்தி, அதன் கதவில் 'பழுது' என்று மாட்டினார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்ன முதல் பொய் அது. கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொன்னார்.

மாமனார் மாடிப்படியில் இரண்டு கையையும் விரித்து நின்று, ஏறி வந்தவர்களையெல்லாம் மடக்கினார். "மேல என் பொண்ணு பேசிக்கிட்டிருக்கா. ஒரு அரைமணி நேரம் பொறுங்க."

ஆய்வாளர் இரண்டு படி கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருடம் எங்கே வைத்திருந்தாளோ, அப்படி ஒரு தெளிவு அவள் பேச்சில். கடைசிக் கேள்வி அவருக்கும் நன்றாகக் கேட்டது.

"நீங்க போட்ட படத்தைப் பார்க்காமலே ஒருத்தர் சுவத்துல ஓட்டை போட்டுட்டா என்ன செய்வீங்க?"

"முதல்ல மெயின் வால்வை மூடுவேன்," என்றாள் அவள் யோசிக்காமல். "திட்டறதை அப்புறம் வெச்சுக்குவேன்."

அந்தப் பக்கம் மூன்று பேர் சிரித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "திங்கட்கிழமை சேரச் சொல்லிட்டாங்க!"

மாமனார் விரித்த கையை மடக்கவே மறந்து நின்றார். ஆய்வாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல அண்ணனுக்குச் சொல்லணும்," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதே கணினி, அவள் போன் நெட். நேர்காணல் முழுக்க ஒரு இடத்திலும் நிற்காத இணைப்பு. கூப்பிட்டார்.

அண்ணன் வந்தார். வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டார். இந்தத் தடவை தலையில் ஹெல்மெட் வேறு.

ஆய்வாளருக்குத் தலை சுற்றியது. "ரவுட்டர் இல்ல, பரண் இல்ல, கேபிள் இல்ல... இப்பவும் அண்ணன் எப்படி நிக்கறார்?"

சட்டைப் பையில் போன் அடித்தது. அண்ணி. இந்தத் தடவை எடுத்தார்.

"ஒரு வழியா எடுத்தீங்களே தம்பி! எங்க வீட்டு நெட் பத்து நாளா படுத்துடுச்சு, உங்க அண்ணன் முகம் யாருக்குமே சரியாத் தெரியறதில்ல. ஆனா நீங்க முதல் நாள்லேர்ந்தே எங்களுக்குக் கண்ணாடி மாதிரித் தெரியுறீங்க. அதைச் சொல்லலாம்னு இவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள கட் பண்ணிடறீங்க, போனையும் எடுக்க மாட்டேங்கிறீங்க. சரி, தம்பி நமக்காகத்தான் தினமும் செஞ்சு காட்டுறான்னு இவர் ஒண்ணு விடாம நோட்டுல எழுதிக்கிட்டாரு. பரண் முடிஞ்சுது, பெட்டி முடிஞ்சுது, இப்ப டிரில்லோட நிக்கறாரு. சுவத்துலேர்ந்து தண்ணி வர்றதுக்கு எந்த உயரத்துல ஓட்டை போடணும்னு கேட்கச் சொன்னாரு!"