பூட்டிய அலமாரியும் ஒரு தழும்பும்

தத்துவப் பேராசிரியர் தன் கைபேசியையும் மனைவியின் கைபேசியையும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இப்ப என்னைப் பாரு. தெரிஞ்சதையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டு, கண்ணுக்குத் தெரியறதை மட்டும் சொல்லு."

"துணி ஊறுதுங்க," என்றாள் மனைவி.

நிகழ்வியல் என்னும் தத்துவம் கேட்பதும் இந்தப் பார்வையைத்தான். கைபேசி விழுங்கிய உறவுகளை அது மீட்டுத் தரும் என்று மறுநாள் கருத்தரங்கில் அவர் பேசவிருந்தார். உதாரணம், அவருடைய இருபது வருட இல்லறம்.

அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, மூக்கில் முடி தெரிவதாக மனைவி சொன்னாள். பின்னறையில் அவளுடைய அப்பா இருமினார்.

பேராசிரியர் தன் முறைக்குப் பார்த்தார். "இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு."

"மூணு தையல். குளியலறையில வழுக்கி விழுந்தேன். போன வருஷம்."

அவர் ஆடிப்போனார். தன்னிடம் சொல்லவே இல்லையே என்றார். சொன்னாளாம், கைபேசியிலிருந்து தலை தூக்காமல் அவர் 'ம்' கொட்டினாராம்.

உதாரணம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் அவசரமாக அதை இழுத்துப் பிடித்தார். "தினமும் கல்லூரியிலேர்ந்து 'சாப்பிட்டியா கண்ணு'ன்னு கேக்கறேனே, அது அக்கறை இல்லையா? நீயும்தான் உருகி உருகி பதில் போடறே."

மனைவியின் முகம் வெளுத்தது. "எனக்கு அப்படி எதுவும் வந்ததில்லையே. யாருங்க அந்தக் கண்ணு?"

அலமாரியைத் திறந்து ஆதாரத்தை எடுத்து நீட்டினார். அதுவே வினையாயிற்று. நேற்று மாலை அவர், 'உன்னை விட்டா எனக்கு யாரு?' என்று கேட்டிருந்தார். 'எனக்கும் உங்களை விட்டா நாதியில்லை' என்று பதில் வந்திருந்தது.

"இது உன் நம்பர்தானே?"

"நான் புது போனும் புது நம்பரும் வாங்கி ஒரு வருஷமாச்சு. அதுக்கும் 'ம்'னுதான் சொன்னீங்க." அவள் குரல் உடைந்தது. "ஒரு வருஷமா யார்கிட்ட இப்படிக் குழையறீங்க?"

அது அவருக்கே தெரியவில்லை. வியர்த்துக்கொட்ட, அவள் கண்ணெதிரிலேயே 'யார் நீ?' என்று தட்டி அனுப்பினார்.

பின்னறையில் மணி ஒலித்தது.

கதவைத் திறந்துகொண்டு மாமனார் வந்தார். கையில், மகள் கழித்துப்போட்ட பழைய கைபேசி.

"என்ன மாப்பிள்ளை, திடீர்னு யாருன்னு கேட்டுட்டீங்க?" என்றார் அவர் வாடிய முகத்துடன். "இந்த வீட்டில என்னைச் சாப்பிட்டியான்னு கேக்கற ஒரே ஆள் நீங்கதானே."