ஆறு பக்கமும் ஒரே வட்டம்

ஒரு காட்டில், யானைகள் நடந்துபோகும் தடத்தின் ஓரமாக, கருமுத்து என்றொரு சாணவண்டு மனைவி வெள்ளையம்மாளுடன் குடியிருந்தான். நாகரிகமானவர்கள் சாணவண்டு என்பார்கள். மற்றவர்கள் சொல்லும் பெயர் உங்களுக்கே தெரியும். யானைச் சாணத்தை உருண்டை பிடிப்பது அவன் வேலை. அதற்குள் முட்டையிட்டு, உருட்டிக்கொண்டுபோய்ப் புதைப்பது குடும்ப வழக்கம்.

அந்த வருஷம் கருமுத்து பிடித்த உருண்டையில் ஒரு நெளிவு கிடையாது. பக்கத்துப் பொந்துச் சாணவண்டு கொம்பன் அதைப் பார்த்துவிட்டுத் தானும் அப்படியே ஒன்று பிடித்தான். கருமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

"உருண்டை என் கண்டுபிடிப்பு. காப்புரிமை வாங்கிட்டுத்தான் மறுவேலை" என்றான்.

அவனுடைய பாட்டனும் பூட்டனும் உருட்டியதும் உருண்டைதான். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் பாட்டனுக்குக் கட்டம் இல்லை.

"முதல்ல முட்டைய வைக்க விடுங்க. மூணு நாள் போனா சாணம் காய்ஞ்சு கல்லாயிடும்" என்றாள் வெள்ளையம்மாள்.

"முட்டை வெச்சா அது வேற பொருளாம். முத்திரை விழற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

காட்டில் காப்புரிமைப் படம் வரைபவர் முள்ளம்பன்றி. தன் முள்ளையே மையில் தொட்டு வரைவார். அதனால் செலவு குறைவு, வலி அதிகம், கோபம் எப்போதும். கறுப்பு மை மட்டும், நிழல் தீட்டக்கூடாது, ஒவ்வொரு உறுப்புக்கும் எண் வேண்டும் என்று விதிகளை ஒப்பித்தார்.

"உருண்டைக்கு ஏதுண்ணே உறுப்பு?"

"அப்போ 'ஒண்ணு'ன்னு போட்டுக்கறேன். பேசாம நில்லு."

முன், பின், இடம், வலம், மேல், கீழ் என்று ஆறு தோற்றம் வரைந்தார். ஆறும் வட்டம். ஆறிலும் ஒண்ணு.

பரிசோதனை அதிகாரி ஓணான். அவர் படங்களைப் பார்க்கப் பார்க்கத் தலையை ஆட்டினார். கருமுத்துவுக்கு மனம் குளிர்ந்தது.

"நிராகரிக்கிறேன்" என்றார் ஓணான், தலையாட்டியபடியே. "ஒரே படத்தை ஆறு தடவை வெச்சிருக்கே. மீதி அஞ்சு எங்கே?"

"ஐயா, உருண்டைங்க. எப்படிப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கும்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"வாசல்லதான் நிறுத்தியிருக்கேன். ஒரு எட்டு வந்து பாத்துடுங்களேன்."

"பொருளைப் பாக்கறது என் வேலை இல்லப்பா."

"கொஞ்சம் நிழல் போட்டா உருண்டைன்னு தெரியும். இப்போ அப்பளம் மாதிரி இருக்கு."

"நிழல் கூடாது. வேணும்னா அப்பளத்துக்கு விண்ணப்பம் போடு."

மறுநாள் முள்ளம்பன்றி, திரும்பிவந்த ஆறு படங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, படத்துல தப்பே இல்ல. தப்பு உன் உருண்டைலதான்."

கருமுத்து இடப்பக்கத்தை அமுக்கிச் சப்பையாக்கினான். வலப்பக்கம் ஒரு புடைப்பு வைத்தான். மேலே குழி, அடியில் தட்டை, முன்னால் மூக்கு, பின்னால் ஒரு வரப்பு. நசுங்கின சொம்பை இன்னொரு தடவை யானை மிதித்தாற்போல இருந்தது. முள்ளம்பன்றிக்கோ ஒரே மகிழ்ச்சி. ஆறு எண்கள் போட இடம் கிடைத்துவிட்டது.

வெள்ளையம்மாள் வந்து பார்த்தாள். "ஏங்க, இது உருளுமா?"

"ஆறு பக்கமும் ஆறு விதமா இருக்குல்ல?"

"நான் கேட்டது அது இல்ல."

"உனக்குத் தொழில்நுட்பம் புரியாது."

அவள் புதுச் சாணம் விழுந்திருக்கிறதா என்று தடத்தின் பக்கம் போய்விட்டாள்.

நாலாம் நாள் முத்திரை விழுந்தது. 'உருட்டத்தக்க சாணப் பொருள்' என்று சான்றிதழில் எழுதியிருந்தது. கருமுத்து அந்தப் பொருளைப் பின்னங்காலால் தள்ளினான். அசையவில்லை. தலைகீழாக நின்று தள்ளினான். காய்ந்து கல்லாகியிருந்த மூக்கு மண்ணில் குத்திக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கொம்பன் தன் உருண்டையோடு வந்தான். கருமுத்து ஓணானைக் கையோடு கூட்டிவந்து, "திருட்டுப்பய, பிடிங்க ஐயா!" என்றான்.

ஓணான் படத்தைப் பார்த்தார். "உன்னுது மூக்கோட இருக்கு. அவனுதுல மூக்கே இல்ல. மீறல் எங்கே இருக்கு?" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

"என்னண்ணே, புது அம்மிக்கல்லா?" என்று கேட்டுவிட்டுக் கொம்பன் உருட்டிக்கொண்டு போனான்.

அவனுக்குப் பின்னாலேயே வெள்ளையம்மாள் வந்தாள். தானே பிடித்த உருண்டை, உள்ளே முட்டை, மேட்டில்கூட நிற்காமல் உருண்டு வந்தது.

"வழிய விடுங்க. இருட்டறதுக்குள்ள புதைக்கணும்."

கருமுத்து வழிவிடவில்லை. அந்த உருண்டையை முன்னால் நின்று பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான், மேலே ஏறியும் பார்த்தான். பிறகு மனைவியை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தான்.

"பாவம்டி நீ" என்றான். "இதை வெச்சு ஒரு படத்துக்கு மேல தேறாதே!"

நீதி: எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருப்பவரை எந்த அலுவலகமும் நம்பாது, எனவே விண்ணப்பிக்கும் முன் எங்கேயாவது கொஞ்சம் நசுங்கிக்கொள்க.