லண்டனைக் கேட்டுச் சொல்கிறேன்

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன பிறகும் திருத்துறைப்பூண்டியில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் பிரிட்டிஷ் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன்.

வீட்டுக்காரரை ஊரே ‘ஏஜென்ட்’ என்றுதான் அழைத்தது. விவரம் தெரியாதவர்கள் இன்ஷூரன்ஸ் போட வந்து, மத்தியானம் வரை ஷேக்குகளின் கதையைக் கேட்டுவிட்டு, பாலிசி இல்லாமல் திரும்புவார்கள்.

வாலிபத்தில் அவர் பஹ்ரைனில் வேலை பார்த்தவர். அந்தக் குட்டித் தீவை அப்போது ஆண்டவர் ஷேக். ஆனால் வெளிநாட்டு விவகாரமெல்லாம் பிரிட்டிஷார் கையில். அதற்கென்று அங்கே ஓர் அதிகாரியை உட்கார வைத்திருந்தார்கள். பதவியின் பெயர் பொலிட்டிகல் ஏஜென்ட். அவர் பங்களாவில் சாப்பாட்டு மேஜையைக் கவனித்துக்கொண்டவர் நம்மவர். துரையின் பட்டம் எப்படியோ கடல் தாண்டி வந்து இவர்மேல் ஒட்டிக்கொண்டது.

“அங்க ராஜா யாரு? ஷேக்கு. அந்த ஷேக்கே எழுந்து நிக்கிற ஆளு யாரு? எங்க ஏஜென்ட். அந்த ஏஜென்ட் யாரைக் கேட்டு நடப்பாரு?”

“நீங்களே சொல்லுங்க.”

“என்னைத்தான் சார். ராத்திரிக்கு மீனா ஆடான்னு நான்தான சொல்லணும்.”

அரசியல் என்பது பந்தியில் யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதுதான் என்று அவர் உறுதியாக நம்பினார். “முத்து வியாபாரி பக்கத்துல எண்ணெய்க் கம்பெனிக்காரனைப் போட்டுட்டா, சூப்பு வர்றதுக்குள்ள சண்டை. முத்துக் குளிச்ச ஆளையெல்லாம் கூலி ஜாஸ்தி குடுத்து எண்ணெய்க்காரன் இழுத்துட்டான்ல?”

இந்தக் கொள்கையை எங்கள் ஊர்க் கல்யாணங்களிலும் அமல்படுத்தினார். ஒருமுறை, மாப்பிள்ளையின் பங்காளிகளுக்கும் தாய்மாமனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்பட்டு, தாய்மாமனைக் காலை டிபனுக்குச் சமையல் கொட்டகை ஓரமாகத் தனி இலையில் உட்கார வைத்துவிட்டார். இட்லியைத் தொடாமல் தாய்மாமன் பஸ் ஏறிவிட்டார். ஏஜென்ட் ஸ்கூட்டரில் துரத்திப் போய், மன்னார்குடியில் மடக்கி, முகூர்த்தத்துக்குள் அழைத்து வந்தார். “உறவு முறியல சார். தூதரை வாபஸ் வாங்குனாங்க, திரும்ப அனுப்பிட்டாங்க. அவ்வளவுதான்” என்றார்.

இப்படி இருந்த ஊருக்கு ஒருநாள் நிஜமாகவே எண்ணெய்க் கம்பெனி வந்தது.

நெல் வயலுக்கு அடியில் எண்ணெய் இருக்கலாமாம். துளை போடும் இயந்திரம் போக, ஏஜென்ட் மனைவி செல்லம்மாள் பெயரிலிருந்த வயல் வழியாகப் பாதை வேண்டும். பாதை போட்டால் வாய்க்கால் மூடிப்போகும். பயிர் பால் பிடிக்கிற நேரம். கடைமடைக்காரர்களின் சம்பா கருகிவிடும். ஊர்க்காரர்கள் மறியலுக்குத் தயாரானார்கள்.

ஏஜென்ட் கையைத் தூக்கினார். “எண்ணெய்க்காரனோட பேசத் தெரிஞ்ச ஆளு இந்தத் தாலுகாவுல நான் ஒருத்தன்தான். எங்கிட்ட விடுங்க.”

தாய்மாமனை நினைத்துப் பயந்துகொண்டேதான் விட்டோம்.

கம்பெனி அதிகாரி சின்னப் பையன், நல்ல மாதிரி. ஏஜென்ட் அவருக்குப் பிடியில்லாத குட்டிக் கிண்ணத்தில் ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி கொடுத்தார். அரபு தேசத்தில் போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இது அந்தப் பையனுக்குத் தெரியாது. ஏஜென்டும் சொல்லவில்லை.

“நீங்க சம்மதிச்சா நாளைக்கே வேலைய ஆரம்பிச்சிடலாம் பெரியவரே.”

“தாராளமா. லண்டனைக் கேட்டுச் சொல்றேன்.”

“லண்டனா?”

“நான் வெறும் ஏஜென்ட்தான தம்பி. முடிவு எடுக்கிறது லண்டன்.”

வாரா வாரம் அதிகாரி வந்தார். வாரா வாரம் கசப்புக் காப்பி குடித்தார். லண்டன் யோசித்துக்கொண்டிருந்தது. லண்டனுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. கடைசியில் ஒருநாள் ஏஜென்ட் வாய் தவறிவிட்டார்.

“லண்டன் மயிலாடுதுறை போயிருக்கு. பேத்திக்குக் காதுகுத்து.”

“லண்டனுக்குப் பேத்தியா?”

மறுவாரம் செல்லம்மாள் வயலிலிருந்து நேராக வந்தார். காலில் சேறு. அதிகாரி கையில் கிண்ணத்தோடு எழுந்து நின்றார்.

“தம்பி, உங்க வேலைய நான் தடுக்கல. அறுப்பு முடியட்டும். அப்புறம் வாய்க்காலுக்குக் குழாய் பதிச்சு, அது மேல பாதை போடுங்க. இப்ப மூடுனீங்கன்னா கீழ இருக்கவங்க எல்லாம் என்ன சாப்பிடுவாங்க?”

அதிகாரி கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு, “மேலிடத்தைக் கேட்டுச் சொல்றேம்மா” என்றார்.

“தேறிட்டாரு சார்” என்று ஏஜென்ட் என் காதில் சொன்னார்.

மேலிடம் அறுப்பு வரை பொறுத்துக்கொண்டது. தை மாதம் கடைமடை வரை கதிர் அறுத்தார்கள். அதற்குள் கம்பெனிக்கு வேறு இடத்தில் ஆசை வந்துவிட்டது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஊரே கொண்டாடியது. ஏஜென்ட் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். “நல்ல பையன் சார். இன்னும் ரெண்டு தடவ வந்திருக்கலாம்.”

அடுத்த வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தவர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பஸ் கிளம்பிவிட்டது. அசராமல் திருவாரூருக்கு டிக்கெட் வாங்கினார். பஹ்ரைனில் கொடியை இறக்கிக்கொண்டு துரை புறப்பட்ட நாளைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். “அடுப்படிக்கு வந்து எல்லாருக்கும் கை குடுத்தாரு. எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியல சார்.”

திருவாரூரில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. இறங்கி, என் ஜன்னலுக்குக் கீழே நின்று ஷேக்குகளின் கதையைத் தொடர்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கொடுத்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது.